பாதி சாப்பாட்டோட வந்த டப்பா

லிப்ட் ரிப்பேர் பாக்குற ஆளு லிப்ட்ல ஏற மாட்டேங்கிறாருன்னு சொன்னா, மீனு தண்ணியப் பாத்து ஓடுதுன்னு சொன்ன மாதிரி சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க, தப்பில்ல. அவரு கம்பெனியிலயும் எல்லாரும் மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவரு மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாங்க.

அவருக்கு ஸ்பீக்கருன்னு பேரு. அப்பா அம்மா ஆசையா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு, அது ஆஸ்பத்திரிச் சீட்டுல மட்டும்தான் வெளிய வரும். தொண்டை அப்படி. எட்டு மாடிக் கட்டடத்து மொட்டை மாடியில நின்னு கத்துனாருன்னா, கீழ வாசல்ல தூங்குற வாட்ச்மேன் எந்திரிச்சு சல்யூட் அடிப்பாரு. வீட்டுல தும்முனாருன்னா பக்கத்துத் தெருவுல இடி இடிக்குதுன்னு காயப்போட்ட துணிய எடுப்பாங்க. லிப்ட் வேலைக்குத் தொண்டைதான் பாதி மூலதனம். மெஷின் ரூம் உச்சியில இருக்கும், ரிப்பேர் பாக்குற இன்னொரு ஆளு அந்த இருட்டுக் குழிக்குள்ள லிப்ட் பெட்டி தலைமேல நிப்பாரு. நடுவுல கத்தித்தான் பேசிக்கணும்.

குழிக்குள்ள நிக்கிற அந்த இன்னொரு ஆளு யாருன்னா, ஸ்பீக்கரோட மச்சான். பொண்டாட்டி கூடப் பொறந்த அண்ணன். அவருக்குப் பேரு யானை. ஆளப் பாத்தா பென்சில் மாதிரி இருப்பாரு, காத்தடிச்சா கொடிக்கம்பத்தப் புடிச்சுக்கணும். ஆனா சாப்பாட்டுல உக்காந்தாருன்னா பாத்திரம் பயந்துபோய் மூடிய இறுக்கிக்கும். கொண்டு வந்ததத் தின்னுட்டு, ஸ்பீக்கரு டப்பாவயும் ஒரு கை பாப்பாரு. "என் தங்கச்சி சமைச்சது மாப்ளே. உனக்கு முன்னாடியே அதுல எனக்குப் பங்கு உண்டு"ன்னு சட்டம் பேசுவாரு.

பதினோரு வருஷம் ஜோடி. அந்த வேலையில ஒரு கட்டளை உண்டு. மேல நிக்கிறவரு "ஏத்தவா?"ன்னு கேக்கணும். குழிக்குள்ள நிக்கிறவரு கை, கால், தலை எல்லாத்தயும் உள்ள இழுத்துக்கிட்டு "ஏத்து"ன்னு சொல்லணும். மேல இருக்கிறவரு அதக் காதால கேட்டு, "ஏத்துறேன்"னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் பிரேக்குல கை வைக்கணும். புதுசா சேந்தவங்களுக்குப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ண வெப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் புதுசா என்ன? பதினோரு வருஷத்துல அந்த மூணும் கரைஞ்சு ஒரே மூச்சாயிடுச்சு. இவரு "ஏத்தவா"ல "வா"வ முடிக்கிறதுக்குள்ள அவரு "ஏத்து"ம்பாரு, அதுக்குள்ள இவரு பிரேக்கத் தெறந்திருப்பாரு. வேடிக்கை பாக்குற மத்த மெக்கானிக்குங்க, "ஒரே வயித்துல ரெட்டையாப் பொறந்த மாதிரில்ல இருக்கு"ன்னு மெச்சுவாங்க. இவங்களுக்கும் அதுல பெருமை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பழைய கட்டடத்துல, வெயில் நல்லா ஏறுன நேரம். லிப்டு நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு. ஆளில்லாத பெட்டி. ஸ்பீக்கரு மேல கரண்ட்ட நிறுத்திட்டு, பிரேக்கக் கையால தெறந்தாரு. காலிப் பெட்டின்னா எதிர்ப்பக்கம் தொங்குற எடைதான் கனம், பெட்டி தானா மேல ஏறும். ஒரு சாண் ஏறுச்சு. யானை அந்த நேரத்துல பெட்டி ஓரமா வெளிய குனிஞ்சிருந்தாரு.

அந்த ஒரு சாண் போதுமாயிருந்துச்சு.

கம்பெனியிலேந்து பெரிய அதிகாரி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "பதில் சொன்னாரா?"

"சொன்னாருன்னு நெனைக்கிறேன் சார்"னாரு ஸ்பீக்கரு. அவருக்கு அப்ப பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதிகாரி "பதில் சொன்னார்"னு எழுதிக்கிட்டாரு. "நெனைக்கிறேன்" எங்கயோ விழுந்துபோச்சு. ஏத்துன்னு சொல்லிட்டு அவரே தலைய வெளிய நீட்டிட்டாரு, அவரு கவனக்குறைவுன்னு கேஸ் பைல மூடுனாங்க.

அன்னிலேந்து ஸ்பீக்கருக்கு வயர் அறுந்த மாதிரி ஆயிடுச்சு. "ம்", "சரி", "வேணாம்". மூணே வார்த்தை, மூணும் கிணத்துக்குள்ளேந்து வர்ற மாதிரி. மெஷின் ஆயில் வாசனை பட்டா வாந்தி. இரும்பு மேல இரும்பு மோதுற சத்தம் கேட்டா சட்டை நனைஞ்சிடும். தூங்கப் போனா, கண்ணு மூடும், உள்ள பெட்டி ஒரு சாண் ஏறும், முழிப்பு வந்துரும். லிப்ட் இருக்கிற கட்டடத்து வாசல்ல செருப்பக்கூட விடமாட்டாரு. கம்பெனி பாவம் பாத்து அவர ஸ்டோர் ரூம்ல போட்டுச்சு. நட்டு, போல்ட்டு, பெல்ட்டுன்னு அடுக்கி வெச்ச தரைமட்ட அறை. அங்க ஒரு மூலையில சுவத்துக்கு முதுகு காட்டி உக்காந்துக்குவாரு.

வீட்டுல பொண்டாட்டியும் பேசுறதக் கொறைச்சுட்டா. அண்ணன் செத்த துக்கம்னு ஊரு நெனைச்சுது. ஸ்பீக்கரு அப்படி நெனைக்கல. இவன்தான் கொன்னான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைச்சாரு. அதுக்கு சாட்சியும் வெச்சிருந்தாரு. வருஷக்கணக்கா அவருக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்த மூணடுக்கு சில்வர் டப்பாவ, மூடியில ஒரு நெளிசல் இருக்குமே அத, பரண்மேல தூக்கிப் போட்டுட்டா. இப்ப வேற ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல சோறு வரும். எதுக்குன்னு இவரு கேக்கல. அவளும் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ரெண்டு லிப்ட் மாதிரி, ஒருத்தர் ஏறுறதும் ஒருத்தர் எறங்குறதுமா காலம் ஓடிச்சு.

ஒரு நாள் காலையில சமையக்கட்டுல பெரிய பாத்திரத்து மூடி தரையில விழுந்து டங்குனு ஒரு சத்தம். ஸ்பீக்கரு எங்கேந்து பாஞ்சாரோ, "தலைய உள்ள இழு"ன்னு ஒரு கத்து. ஒன்றரை வருஷமா அடைஞ்சு கெடந்த தொண்டை அது, தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. பொண்டாட்டிய தோளப் புடிச்சு இழுத்துத் தரையில தள்ளி மேல கவுந்துக்கிட்டாரு. அவளுக்கு மேடை ஓரம் பட்டு மோவாயில ரெண்டு தையல்.

ஆஸ்பத்திரியில தையல் போட்ட நர்சு அவளத் தனியா கூப்புட்டு, "அடிச்சாரா?"ன்னு கேட்டுச்சு.

"அடிக்கல. என்னக் காப்பாத்துறாராம்"னா அவ. "எதுலேந்துன்னுதான் தெரியல."

நர்சு அவர ஒரு பார்வை பாத்துச்சு. அவரு பெஞ்சு ஓரத்துல கைய ரெண்டு தொடைக்கு நடுவுல அழுத்திக்கிட்டு, கதவு சாத்துற சத்தம் கேட்டப்பல்லாம் தலைய உள்ள இழுத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு சீட்டு எழுதிக் குடுத்துச்சு. "ஆறாவது மாடி. மனசு வைத்தியம்."

ஆறாவது மாடி! லிப்டுக்குப் பயந்தவனுக்கு வைத்தியம் ஆறாவது மாடியில வெச்சவன் எவனோ, அவனுக்கு மால போடணும். நூத்தி இருபது படி. ஸ்பீக்கரு ஏறிப் போய்ச் சேரும்போது நாக்கு தள்ளி, பேச வந்த வியாதிய விட்டுட்டு மூச்சிரைப்புக்கு மருந்து கேக்குற நெலம.

உள்ள இருந்த டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய கண்ணாடி. ஊசி இல்ல, ஸ்டெத்தாஸ்கோப்பு இல்ல. தூக்கத்துக்கு மாத்திரைய பக்கத்து ரூம் டாக்டர் எழுதுவாரு, இந்தம்மாவுக்குப் பேச்சுதான் மருந்து. பேசவே மாட்டேங்கிறவருக்குப் பேச்சு மருந்து.

மொத ரெண்டு வாரம் டாக்டரம்மாவே பேசுனாங்க. மூணாவது வாரம், "லிப்டுல அதிகமா வர்ற ரிப்பேர் எது?"ன்னு கேட்டாங்க.

தொழில் கேள்வி. வாய் தானா தெறந்துச்சு. "கதவுதான். மூடப் போகும், திரும்பத் தெறந்துக்கும். மூடப் போகும், தெறந்துக்கும்."

"ஏன்?"

"கதவு ஓரத்துல ஒரு கண்ணு இருக்கும். நடுவுல ஆளு நின்னா மூடக்கூடாதுன்னு. அந்தக் கண்ணுல தூசி படிஞ்சா, ஆளே இல்லாட்டியும் ஆளு நிக்குதுன்னு நெனைச்சுக்கும்."

"உங்களுக்கும் அதுதான்"னாங்க. "பயங்கரமான ஒண்ணப் பாத்தா, மூளை அத 'நடந்துச்சு'ன்னு மூடி வைக்க முடியாம, 'நடந்துக்கிட்டே இருக்கு'ன்னு நெனைச்சுக்கும். மூடி விழுந்தாலும் அதுதான், ஆயில் வாசனையும் அதுதான். நீங்க பைத்தியம் இல்ல. கோழையும் இல்ல. உங்க காவல்காரன் ஓவர்டைம் பாக்குறான், அவ்ளோதான்."

ஸ்பீக்கரு, "சில பேரு தொடைக்கச் சோம்பேறித்தனப்பட்டு, அந்தக் கண்ணுக்குக் குறுக்க ஒரு வயர் போட்டு விட்டுருவாங்க. கதவு மூடும். ஆனா அப்புறம் மனுஷன் நின்னாலும் மூடும்"னாரு.

"படியேறுறது, மூலையில உக்காந்துக்கிறது, பேசாம இருக்கிறது, இதெல்லாம் குறுக்கு வயரு. நாம தொடைக்கப் போறோம். கொஞ்சம் வலிக்கும்."

கொஞ்சமாம்! தொடைக்கிறதுன்னா என்னன்னா, அன்னைக்கு நடந்தத, கண்ண மூடிக்கிட்டு, இப்ப நடக்குற மாதிரி, மொதல்லேந்து கடைசி வரைக்கும் சொல்லணும். சொன்னதப் போன்ல பதிவு பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி தெனமும் கேக்கணும். அடுத்த வாரம் திரும்பச் சொல்லணும். பயம் எவ்ளோ இருக்குன்னு நூத்துக்கு மார்க்கு வேற போடணும். பள்ளிக்கூடத்துல அவரு அஞ்சு வருஷம் வாங்குன மார்க்க மொத்தமா கூட்டுனாலும் தொண்ணூறு தேறாது, இங்க எடுத்த எடுப்புலயே தொண்ணூத்தி அஞ்சு.

மொத தடவ சொன்னது மொத்தமே எட்டு வரி. கடைசி நாலு இதுதான்: "கேட்டேன். சொன்னான். தெறந்தேன். முடிஞ்சுது."

"அந்த எடத்துல ரொம்ப வேகமாப் போறீங்க. மெதுவா"ன்னாங்க டாக்டரம்மா.

ரெண்டாவது தடவ, மூணாவது தடவ. போன எடுத்துக்கிட்டு ஸ்டோர் ரூம்ல பெல்ட்டு அடுக்குக்குப் பின்னாடி போயி காதுல மாட்டிக் கேப்பாரு. கேட்டு முடிச்சதும் குழாயடியில தலைய நனைச்சுக்கிட்டு வேலைக்கு உக்காருவாரு. ஒவ்வொரு தடவையும் அந்த எடம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சமாச்சு. மெஷின் ரூம் ஜன்னல்ல உடைஞ்ச கண்ணாடி ஒண்ணு. பிரேக்கு மேல காஞ்சுபோன புறா எச்சம். சுவத்துல மாட்டுன பை, பைக்குள்ள டப்பா.

அவருக்குள்ள ஒரே ஒரு ஆசைதான். இப்படித் தொடைச்சு தொடைச்சு, மச்சான் "ஏத்து"ன்னு சொன்னது காதுல விழுந்துரணும். ஒரு தடவ விழுந்துட்டா போதும், பொண்டாட்டி மூஞ்சிய நிமிந்து பாத்துரலாம்.

ஏழாவது தடவ. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிக்கிட்டே வந்தாரு. "குழிக்குள்ளேந்து கூப்புடுறான். மாப்ளேன்னு. என்னடான்னேன். மறைச்சு வெக்கக்கூடாதுல்ல, குழிக்கு எறங்குறதுக்கு முன்னாடியே உன் டப்பாவுல பாதிய நான் முடிச்சிட்டேன்ங்கிறான். பொரிச்ச முட்டை ரெண்டும் போச்சு, உருளைக்கிழங்கு ஓரமா கொஞ்சம் விட்டிருக்கேன், என் தங்கச்சி கைக்கு மோதிரம் போடணும் மாப்ளே, உனக்குக் குடுத்தது தண்டம்ங்கிறான். நான் சிரிக்கிறேன். அடப்பாவி யானைன்னு சிரிக்கிறேன். சிரிச்சுக்கிட்டே ஏத்தவான்னு கேக்குறேன்..."

நின்னுட்டாரு.

"ம்?"னாங்க டாக்டரம்மா, மெதுவா.

"கேக்குறேன். கை பிரேக்குல இருக்கு. தெறக்குறேன்." மூச்சு வாங்குச்சு. "அவன் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. நான்தான் காத்திருக்கல. சிரிச்சுக்கிட்டே தெறந்துட்டேன்."

அப்புறம் அழுதாரு பாருங்க. ஆறு மாடியும் அழுத மாதிரி இருந்துச்சு. காரிடார்ல நின்ன ஜனம் எல்லாம் கதவையே பாத்துச்சு. டாக்டரம்மா கண்ணாடிய கழட்டித் தொடைச்சாங்க, ரெண்டு தடவ. ஆறுதல் சொல்லல. "உங்க தப்பே இல்ல"ன்னு ஒரு பொய்யும் சொல்லல. "ஒரு நொடி காத்திருக்கல. அது உண்மை. பதினோரு வருஷம் காத்திருக்காமலே சரியா நடந்துச்சு, அதுவும் உண்மை. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பழக்கத்த வளத்தீங்க, அதுவும் உண்மை. ஒண்ண மட்டும் எடுத்து தலையில வெச்சுக்கிட்டு மத்தத எறியாதீங்க"ன்னாங்க.

அன்னைக்குப் பதிவான போன சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. போனு எடை எவ்ளோ இருக்கும்? அன்னைக்கு ஒரு மூட்ட சிமெண்ட் எடை இருந்துச்சு.

பொண்டாட்டி வாசப்படியில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. மோவாயில தையல் பிரிச்ச தழும்பு. ஸ்பீக்கரு எதிர்ல தரையில உக்காந்தாரு.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பழைய டப்பாவ ஏன் பரண்ல போட்ட?"

அவ துணிய மடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா. "அன்னைக்கு சாயங்காலம் கம்பெனி டிரைவர் உங்க பையக் கொண்டாந்து குடுத்தாரு. தொறந்தேன். பாதி காலி. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே நடந்துபோச்சுன்னாங்க. எங்க அண்ணன் அங்க செத்துக் கெடக்குறான், நீங்க உக்காந்து பாதிச் சோத்தத் தின்னுருக்கீங்க. எப்படிங்க எறங்குச்சு? ஒரு வாய் எப்படி எறங்குச்சு உங்களுக்கு? அத எத்தன தடவ கழுவுறது? கழுவக் கழுவ..."

ஸ்பீக்கருக்கு அப்பதான் புரிஞ்சுது. இவரு ஒன்றரை வருஷமா ஒரு தப்புக்குத் தலைய குனிஞ்சுக்கிட்டு இருக்க, அவ வேற ஒரு தப்புக்கு அவரத் தண்டிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அதுவும் பண்ணாத தப்புக்கு. "நான் இல்லடி, உங்க அண்ணன் தின்னான்"னு ஒத்த வரியில சொல்லித் தப்பிச்சிரலாம். அது உண்மையும்கூட. ஆனா அந்த வரிக்கு அடுத்த வரி என்னன்னு அவருக்குத் தெரியும். ரெண்டும் ஒரே மூச்சுல நடந்தது. ஒண்ணக் குடுத்து ஒண்ண மறைச்சா, அது திரும்பவும் குறுக்கு வயரு.

போன எடுத்துத் தரையில வெச்சாரு. "இதுல இருக்கு. முழுசா கேளு. நடுவுல நிறுத்தாத."

அவ கேட்டா. மடிச்ச துணிய மடியில புடிச்சுக்கிட்டு கேட்டா. முட்டை ரெண்டும் போச்சுன்ற எடத்துல சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்துச்சு, வந்த வேகத்துலயே கைய வாயில வெச்சு அடைச்சுக்கிட்டா. அப்புறம் அடுத்த வரி வந்துச்சு. அப்புறம் இவரு அழுகை.

"சொல்லவே இல்லையா அவன்?"

"இல்ல."

"நீங்க ஒரு நொடி பொறுத்திருக்கலாம்ல."

"ஆமா."

இந்த "ஆமா"வ சொல்லத்தான் அவருக்கு ஒன்றரை வருஷமும் நூத்தி இருபது படியும் ஆச்சு. ஓடல. வேர்க்கல. பல்லு அடிச்சுக்கல. உக்காந்திருந்தாரு.

அவ எந்திரிச்சு உள்ள போனா. ஒன்பது நாள் ஒரு வார்த்தை இல்ல. இந்தத் தடவ அவருக்கு எதுக்குன்னு தெரியும், அதனால அந்த அமைதி வேற மாதிரி கனத்துச்சு. பத்தாவது நாள் காலையில, செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தவர்கிட்ட பின்னாடியேந்து சொன்னா. "கம்பெனியில எங்க அண்ணன் கவனக்குறைவுன்னு எழுதி வெச்சிருக்காங்க. போயி மாத்துங்க."

"சரி"ன்னாரு. பழைய மூணு வார்த்தையில ஒண்ணுதான், ஆனா கிணத்துலேந்து வரல.

போயி சொன்னாரு. அதே அதிகாரி. "இப்ப எதுக்குய்யா இதெல்லாம், பைல மூடியாச்சே"ன்னு நெளிஞ்சாரு. "தெறங்க சார், நான் கதவு ரிப்பேர் பாத்தவன்"னாரு ஸ்பீக்கரு. வேற காகிதம் எழுதுனாங்க. அவரோட மெக்கானிக்கு கார்டையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இனிமே ஸ்டோர் ரூம்தான், சாகுற வரைக்கும். வீட்டுல வந்து சொன்னப்ப பொண்டாட்டி தலைய மட்டும் ஆட்டுனா.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அவளும் கெளம்புனா. டாக்டரம்மா கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. கீழ லிப்டு வாசல்ல ரெண்டு பேரும் நின்னாங்க. லிப்டு முன்னாடி நூறு வரைக்கும் எண்ணிக்கிட்டு நிக்கணும்னு அந்த வாரத்து வீட்டுப்பாடம். எண்ணுனாரு. கதவு தெறந்துச்சு. பயம் அறுபது மார்க்கு.

"நான் இதுல வரேன்"னா அவ. "நீங்க படியில வாங்க."

கதவு மூடுச்சு. மேல நம்பரு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாறுச்சு. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல அவரு மூச்சு நின்னுபோச்சு. ஆறு வந்ததும்தான் கால எடுத்து மொத படியில வெச்சாரு.

மேல போனா, வரிசையா போட்ட நாற்காலியில அவ உக்காந்திருந்தா. மடியில அந்த மூணடுக்கு டப்பா. நெளிசல் மூடி. எப்ப பரண்லேந்து எறக்குனாளோ. தொறந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. பொரிச்ச முட்டை, உருளைக்கிழங்கு. ஸ்பீக்கரு ஒரு நாற்காலி தள்ளி உக்காந்தாரு. அவ பாதி சாப்பிட்டா. சரியா பாதி. மீதிய அப்படியே வெச்சு, டப்பாவ நடுவுல இருந்த காலி நாற்காலி மேல வெச்சுட்டு, எதிர் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா.

அது தனக்கா, இல்ல மச்சானுக்கான்னு ஸ்பீக்கருக்குத் தெரியல.

"எடுத்துக்கவா?"ன்னு கேட்டாரு.

கேட்டுட்டு, ரெண்டு கையயும் மடியில வெச்சுக்கிட்டு, அவ பதில் சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு.